தோலுக்கு விட்ட அறை

எங்கள் வீட்டில் காற்று வருகிற அறை ஒன்றே ஒன்றுதான். அதைத் தோலுக்கு விட்டிருந்தார்கள்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. திருச்சுழியிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி நாலு எட்டு வைத்தால் எங்கள் வீடு. ரோட்டைப் பார்த்த முன்னறைக்கு எதிரெதிராக இரண்டு ஜன்னல். கண்மாய்ப் பக்கத்துக் காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் போகும். சித்திரை வெயிலில் ஊரே வேப்பமர நிழலில் விசிறிக்கொண்டு கிடக்கும்போதுகூட அங்கே துணி அசையும். நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் அதற்கு அடுத்த கூடத்தில் ஒரே மின்விசிறிக்குக் கீழே உருகிக்கொண்டிருப்போம். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவள் தப்பித்தாள். முன்னறையில் கடிவாளமும் லகானும் மார்புப்பட்டையும் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்.

நான் மல்லாங்கிணற்றுக் கடைக்காரர் வீட்டுப் பெண். பருப்பு மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவில் வளர்ந்தவள். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது எப்படிக் கெடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். துவரையில் வண்டு விழும், கருப்பட்டி கசியும், வற்றல் ஈரம் கோத்தால் பூக்கும். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பேன். வீட்டுக்காரரைப் பார்த்த அன்றே தெரிந்துபோனது, இவர் திட்டினால் கெடமாட்டார், புகழ்ந்தால் கெட்டுப்போவார் என்று. அவரைப் புகழ அப்போது ஊரே இருந்தது. ஏனென்றால் அவரிடம் ஒரு பந்தயக் குதிரை இருந்தது.

எங்கள் பக்கம் கோயில் பொங்கலுக்குத் தார்ரோட்டில் குதிரைவண்டிப் பந்தயம் விடுவார்கள். சின்ன வண்டி, ஒற்றைக் குதிரை. வண்டிக்காரர் காலை முட்டுக்கொடுத்து, பின்னால் சாய்ந்து, லகானை இழுத்துப் பிடித்துக்கொண்டு பறப்பார். இருபுறமும் பைக்குகள் கத்திக்கொண்டு கூடவே போகும். என் வீட்டுக்காரர் அதில் பேர் வாங்கியவர். குதிரைக்குப் போட அசல் தோலில், இரட்டைத் தையல் போட்டு, பித்தளை வளையம் வைத்து ஒரு முழு சாமான் செய்து வைத்திருந்தார். தொழுவத்தில் மாட்டினால் மூத்திர வாடை தோலை அரிக்கும் என்று அதை முன்னறையில் மாட்டினார். குதிரை இருக்கும்வரைக்கும்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

குதிரைக்கு முன்னங்கால் போனது. நொண்ட ஆரம்பித்தது. ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து விலை பேசி ஓட்டிப்போனார். வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் வருத்தப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், வருத்தத்துக்குள்ளேயே முன்னறையில் கட்டிலை எந்த ஜன்னலோரம் போடலாம் என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குதிரை போனது, சாமான் போகவில்லை. எங்கள் பக்கம் மாட்டை விற்றால் தும்புக் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டித்தான் ஓட்டிப்போக வேண்டும். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தால் வீட்டின் மாட்டு ராசியே கூடப் போய்விடும் என்று நம்பிக்கை. அந்தக் கயிறு தொழுவத்து முளையில் தொங்கும். அடுத்த மாடு வந்ததும் அதன் கழுத்தில் ஏறும். கயிறு பாட்டுக்குத் தொங்கும், யாருக்கும் தொந்தரவில்லை. இவர்கள் அதே வழக்கத்தைக் குதிரைக்கும் வைத்தார்கள். வந்தவர் நைலான் கயிற்றில் குதிரையைப் பிடித்துக்கொண்டு போனார். தலையிலிருந்து வால்வரைக்கும் போடுகிற மொத்தத் தோலும் அடுத்த குதிரைக்காக எங்களிடம் தங்கிவிட்டது.

கயிறும் தோலும் ஒன்றில்லை என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் மடித்து, விதைக்கடலை கட்டுகிற மாதிரி யூரியாச் சாக்கில் திணித்து, வாயை இறுகக் கட்டிப் பரணில் போட்டார். காட்டில் விளைச்சல் போதாது என்று டிரெய்லர் லாரிக்கு டிரைவராகப் போனார். தூத்துக்குடிக்கு லோடு, அங்கிருந்து எங்கெங்கோ லோடு. கார்த்திகை அடைமழை ஓய்ந்து ஒரு நாள் சாக்கை அவிழ்த்தோம். உள்ளே ஒவ்வொரு வாருக்கும் வெள்ளையும் பச்சையுமாகத் தாடி வளர்ந்திருந்தது. அவர் கடிவாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார். கண்ணீர் விடுகிற ஆம்பிளையைப் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது. "விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தையை அதற்கப்புறம் யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

தோல் செத்த பிறகும் உடம்புக்கு முடியாமல் போகிற பொருள். காய்ந்தால் வெடிக்கும். நனைந்தால் பூக்கும். வெயிலில் போட்டால் பலகையாகும், மூடி வைத்தால் புழுங்கும். ஆணியில் மாட்டினால் வார் மடிகிற இடத்தில் கோடு விழுந்து அங்கேயே விட்டுப்போகும். அதனால் காலிப் பால்பவுடர் டப்பாக்களைச் சுவரில் அறைந்து, அந்த உருண்டையின் மேல் ஒவ்வொன்றையும் தொங்கவிட்டேன். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி வந்து அப்பும். அதற்குப் பழைய வேட்டிகளைப் போர்த்தினேன். பிளாஸ்டிக் ஆகாது, துணிதான் மூச்சு விடும். பித்தளை வளையத்தில் எண்ணெய் பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பூச்சிக்கு வேப்பெண்ணெய், பதத்துக்கு விளக்கெண்ணெய். இரண்டையும் கலந்து மாசத்துக்கு ஒரு தடவை துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவுவேன். அந்த வாசத்துக்கு எலி வரும். எலிக்குப் பொறி வைப்பேன். மழைக்காலத்தில் சாரல் அடிக்கிற ஜன்னலைச் சாத்தி, மற்றதைத் திறந்து, தினமும் ஒவ்வொரு வாராக உலர்ந்த துணியால் துடைப்பேன்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் சரக்கைக் காப்பாற்றிய புத்திதான். கடையில் ஒரு வசதி உண்டு, சரக்கு எப்போதாவது விற்றுத் தீரும்.

மாமியார் தோலைத் தொட மாட்டார். தொட்டால் தலைமுழுக வேண்டும் என்பார். காலில் கிடக்கிற செருப்பும் மாட்டுத்தோல்தான், அதற்கு மட்டும் என்ன சலுகை என்று ஒருமுறை கேட்டேன். "அது காலுல கெடக்கு. இது கையில தொடுறது" என்றார். சாயங்காலம் கூடத்தில் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, எண்ணெய்க் கரண்டியும் கையுமாக முன்னறைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். சாமியைக் கும்பிட்ட கையோடு மகனின் குதிரையையும் நினைத்துக்கொள்கிறார் என்று விட்டுவிட்டேன்.

புழுக்கம் தாங்காமல் ஒரு கோடையில் வாய்விட்டுக் கேட்டேன், படுக்கைக்கு மட்டும் முன்னறையை எடுத்துக்கொள்கிறேன் என்று. வீட்டுக்காரர், "ஆள் மூச்சு பட்டா தோலு புழுங்கும்த்தா" என்றார். மாமியார், "குதிரைச் சாமான் தொங்குற எடத்துல பொம்பள படுக்குறதா?" என்றார். அதோடு சரி. கேட்டு இல்லை என்றால் மறுபடி கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மனசுக்குள் மட்டும் தினமும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைச் சும்மா விடுவதில்லை. "என்ன மதினி, குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பார்கள். "காட்டிட்டேன், ஒங்களயெல்லாம் கேட்டுச்சு" என்று நானும் சொல்வேன். சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது வயிறு எரியும்.

சிக்கிக்கொண்டோம் என்று எனக்குப் புரிந்தது ஒரு மழை நாளில். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மல்லாங்கிணறு போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. எங்கள் பூமி மானாவாரி. மழை வந்தால்தான் விதை, மழை வந்தால்தான் சோறு. பந்தியில் இருந்த சம்சாரிகள் எல்லாரும் இலையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, முகமெல்லாம் பல்லாக வானத்தைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் முன்னறை ஞாபகம் வந்தது. தெற்கு ஜன்னல் திறந்து கிடக்குமே, மாமியார் சாத்தினாரோ இல்லையோ, கடிவாளம் நனையுமே. மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன். கரிசக்காட்டில் வாழ்க்கைப்பட்டு, மழையைப் பார்த்து முகம் சுளிக்கிற ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்து என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. யாரும் என்னைக் கட்டிவைக்கவில்லை. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த தை மாதம் அண்ணன் போன் செய்தார். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரமாக அவருக்கு ஒரு கடை உண்டு. மளிகை, லாரிக்காரர்களுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் விட்டுவிட்டுப் போகிறாராம். கடைக்குப் பின்னால் தங்க ஒரு அறையும் இருக்கிறது.

"நீ வந்து ஒக்காருத்தா. ஒனக்குத் தெரியாத யாவாரமா? சித்திர பொறக்குற வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல வேற ஆள் போட்டுருவேன்" என்றார்.

எனக்குத் தூக்கம் போனது. கடை என்றால் எனக்கு உயிர். தராசு, சரக்கு, வருகிற போகிற ஆள், வாய்ச்சண்டை, எல்லாம் வேண்டும். வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்த அன்று, மாமியாரையும் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "நீ போனா சாமான யாரு பாப்பா?" என்று கேட்டார். அம்மாவை யார் பார்ப்பார் என்று கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்ததுபோல மாமியார் முகமும் ஒரு கணம் வாடியது.

நான் விடவில்லை. எதுவரைக்கும் பார்ப்பது, அதையாவது சொல்லுங்கள் என்றேன். வீட்டுக்காரர், "இது ஒரு குதிரை மேல ஏறட்டும். ஏறுற அன்னைக்கி நீ பந்தல்குடிக்குப் போ. நான் தடுக்க மாட்டேன். அம்மா சாட்சி" என்றார்.

குதிரை வாங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். காலம் போய்விட்டது, இடுப்பும் போய்விட்டது, லாரி சீட் அதை வாங்கிவிட்டது. ஆனாலும் ஊரில் ஒவ்வொரு பங்குனிக்கும் புதுக் குதிரைகள் வந்துகொண்டுதானே இருக்கின்றன. யாராவது கேட்டு வந்தால்? அந்த நப்பாசையில் அதுவரைக்கும் கடனே என்று செய்ததை வெறியோடு செய்தேன். வளையங்கள் கண்ணாடியாயின. வார்கள் கையில் குழைந்தன.

அவர் வந்தால் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் முதலில் முன்னறைக்குத்தான் போவார். கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு நாள் கொடியில் துணி எடுக்கப் போனவள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லகானை எதிர் ஜன்னல் கம்பியில் மாட்டி, கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பின்னால் சாய்ந்திருந்தார். நாக்கால் குதிரையை விரட்டுகிற சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. என்னைவிட இந்த மனுஷன்தான் இதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதால் என் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மாசி கடைசியில் பக்கத்து ஊர் இளவட்டம் ஒருவர் வந்தார். புதுசாகக் குதிரை வாங்கியிருக்கிறார். பங்குனிப் பொங்கலுக்கு விடப்போகிறார். நைலான் வார் குதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், மார்பில் தோல் உரிந்து புண்ணாகிறதாம்.

"அண்ணே, ஒங்ககிட்ட அசல் தோலு சாமான் இருக்குன்னாக. பந்தயத்துக்கு மட்டும் குடுங்க. வண்டியும் நீங்களே ஓட்டுங்க. ஒங்க கை பட்டா போதும்" என்றார்.

நான் சொன்னேனே, புகழ்ந்தால் கெட்டுப்போவார் என்று. முகம் இருபது வயசுக்காரர் முகமாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வாசலிலேயே போட்டுப் பார்ப்போம் என்றார். நான் வந்தவருக்குக் காப்பியில் சர்க்கரையை அள்ளிப் போட்டேன்.

சனிக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தேன். கடைச் சாவியை எடுத்து வைப்பதாகச் சொன்னார். நாலு சேலையை மடித்துப் பையில் வைத்தேன். எல்லா வார்களையும் கடைசி முறையாகத் துடைத்தேன். அன்றைக்கு மட்டும் அந்தத் தோலின் மேல் எனக்குப் பிரியமாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் மகளை அலங்கரித்து நிறுத்துகிற தாயின் படபடப்பு எனக்கு. நல்லபடியாகப் போய்ச் சேர் தாயே என்று மனசுக்குள் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செம்மண் நிறக் குதிரை. வேப்பெண்ணெய் வாடைக்கு முதலில் மூக்கைச் சுளித்தது. வீட்டுக்காரர் அதன் காதுக்குள் ஏதோ பேசிக்கொண்டே கடிவாளத்தைப் போட்டார். கண்பட்டை, வயிற்றுவார், மார்புப்பட்டை என்று ஒவ்வொன்றாக ஏறியது. வெயிலில் தோல் மினுங்கியது. "அடேயப்பா, நேத்து செஞ்ச மாதிரியில இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். குழாயடிப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். கேலி இல்லாமல் பார்த்தார்கள். மாமியார் படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வண்டியைப் பூட்டி அவர் ஏறி உட்கார்ந்தார். லகானைச் சுண்டினார். குதிரை நடந்தது, பிறகு மெல்ல ஓடியது. ரோட்டு முனையில் திரும்பி எங்களைப் பார்த்து வரும்போது கழுத்தைத் தாழ்த்தி ஒரு இழுப்பு இழுத்தது. சத்தம்கூட வரவில்லை. மக்கிய துணி விட்டுப்போகிற மாதிரி, வளையத்தைச் சேர்த்துத் தைத்திருந்த இடத்தில் மார்புப்பட்டை வாயைத் திறந்தது. ஒரு பக்கம் விட்டதும் மறுபக்கமும் விட்டது. வண்டி ஓரமாகப் போய் நின்றது. குதிரையும் நின்றது. பட்டை அதன் காலடியில் வளையமாகக் கிடந்தது. குதிரை ஒவ்வொரு காலாகத் தூக்கி அதற்கு வெளியே வைத்துவிட்டு, வேலியில் வேப்பங்கொழுந்தைத் தேட ஆரம்பித்தது.

நான் அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்த இளவட்டம் நல்ல பையன். கோபப்படவில்லை. "பந்தயத்துல அறுந்திருந்தா நீங்க ரோட்டுல கெடந்திருப்பீக அண்ணே. சாமிதான் காப்பாத்துச்சு" என்றார். மிச்சச் சாமானையும் பதனமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய நைலான் வாரைப் போட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு போனார். கூட்டமும் கலைந்தது. வாசலில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

வீட்டுக்காரர் மண்ணில் குத்தவைத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தையல்தான் போயிருந்தது. நூலை நகத்தால் அழுத்தினார். களியாக நசுங்கி, எண்ணெய் கசிந்தது.

"எம்புட்டு எண்ணெய்த்தா விட்ட?" என்று கேட்டார்.

"மாசத்துக்கு ஒரு தடவ. துணியில தொட்டு. அதுக்கு மேல ஒரு சொட்டு விட்டதில்ல."

அவர் விரலில் பட்ட எண்ணெயை வேட்டியில் துடைத்தார். பிறகு, "நானும் வீட்டுக்கு வாரப்பயெல்லாம் தடவுவேனே" என்றார்.

"நான்தான் தடவுறேன்ல. நீங்க எதுக்கு?"

"நீ வெறுப்போட செய்யிற. அரைகொறையா விட்டுருப்பன்னு நெனச்சேன்."

வெறுப்போடுதான் செய்தேன். ஆனால் அரைகுறையாகச் செய்யவில்லை. அதை இந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கும்போது, படியிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"நானும் சாமி வெளக்குல மிச்சத்த ஊத்துவேன். தொடல. கரண்டியாலதான்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"நீங்க எதுக்கு அத்த?"

"அது நல்லா இருந்தா இவன் லாரிய விட்டுட்டு வந்துருவான்ல. வீட்டோட இருப்பான்ல" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே வீட்டில் ஒரே சுவரில் தொங்கிய தோலுக்கு மூன்று பேர் எண்ணெய் விட்டிருக்கிறோம். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்குக் குதிரை வேண்டும், மாமியாருக்கு மகன் வேண்டும், எனக்குப் பந்தல்குடி வேண்டும். நூல் என்ன செய்யும், பாவம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் போலிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரர்தான் முதலில் தேறினார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "ஒண்ணும் கெட்டுப்போகல. அருப்புக்கோட்ட பஸ் ஸ்டாண்டு பக்கம் தோலு தைக்கிற ஆள் இருக்காரு. நூலப் பிரிச்சுப் புதுசாத் தச்சுட்டா அடுத்த பங்குனிக்கி ஆகும். நீ எண்ணெய மட்டும் கொறச்சுக்க" என்றார்.

அடுத்த பங்குனி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காதுக்குள் கதவு சாத்துகிற மாதிரி இருந்தது. அந்தப் பங்குனிக்குப் பிறகு இன்னொரு பங்குனி. நடுவில் ஆடிப் புழுதி, ஐப்பசி மழை, பல் பிரஷ், எலிப்பொறி. கூடத்தில் அதே மின்விசிறி.

"ஏறிருச்சுல்ல?" என்றேன்.

"எது?"

"சாமானு, குதிரை மேல. நீங்க சொன்ன மாதிரி ஏறிருச்சு. நான் பந்தல்குடிக்குப் போறேன்."

"ஓடலயேத்தா."

"ஓடுறது குதிரை பாடு. ஓட்டுறது ஒங்க பாடு. ஏத்துற வரைக்குந்தான் என் பாடு. ஏத்திட்டேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார், சாட்சிக்கு. மாமியார் படியிறங்கி வந்தார். மண்ணில் கிடந்த மார்புப்பட்டையைக் குனிந்து வெறுங்கையால் எடுத்தார். தூசியைத் தட்டினார். அவர் கையில் தோலைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல்முறை.

"போயிட்டு வாத்தா. பஸ்ஸு வந்துரும்" என்றார்.

இதோ, பந்தல்குடிக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வியாபாரம் பரவாயில்லை. ரோட்டில் லாரி ஓயாது. சில நாள் அவருடைய லாரியும் எதிர்ப்புறம் நிற்கும். டீ குடித்துவிட்டு வந்து அரிசி மூட்டை மேல் உட்காருவார். சாமானைத் தைத்து வாங்கிவிட்டாராம். பழைய டப்பாவிலேயே மாட்டியிருக்கிறாராம். "எப்ப வார?" என்று கேட்பார். "வாரேன்" என்பேன். கோபம் இரண்டு பேருக்கும் இல்லை. பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்தாலும் அது என்னுடைய புழுக்கம்.

போன வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நின்றவர்கள் எல்லாம் சந்தோஷமாக வானத்தைப் பார்த்தார்கள். நான் சரக்கை உள்ளே இழுக்காமல் போனை எடுத்துவிட்டேன். இத்தனைக்கும் பிறகும் என் கை அங்கேதான் போகிறது.

"அத்த, தெக்கு ஜன்னலச் சாத்திட்டீகளா?"

"சாத்திட்டேன். சாரல் அடிக்காத பக்கந்தான் தெறந்திருக்கு" என்றார். "நான் இப்ப அங்கனதான் படுக்குறேன்."

"முன்னறையிலயா?"

"ஆமா. அதுபாட்டுக்குத் தொங்குது, நான்பாட்டுக்குக் கெடக்கேன். நல்லாத்தான் காத்து வருது." பிறகு, "ஒனக்குக் குடுத்திருக்கலாம்த்தா இந்த ரூம" என்றார்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.